சிரித்தால் முழங்கால் துவள்கிறதா?

கேள்வி: எனக்கு 24 வயது. விழிப்பு அறுபடாமல் அப்படியே கனவுக்குள் நுழையும் 'லூசிட் டிரீம்' பயிற்சியை நான்கு மாதங்களாகச் செய்கிறேன். படுத்த ஐந்தே நிமிடத்தில், பகல் தூக்கத்தில்கூட, கனவு வந்துவிடுகிறது. ஆனால் உடம்பு கட்டிப்போட்டது போலாகிறது, காதில் இரைச்சல், அறையில் யாரோ நிற்கிறார்கள். மூச்சு நின்றுவிடுமா? கனவிலிருந்து திரும்ப முடியாமல் போகுமா? இணையத்தில் படித்துவிட்டுக் கேலன்டமைன் மாத்திரையும் சாப்பிடுகிறேன். பகலெல்லாம் தூக்கம் தள்ளுகிறது. நண்பர்கள் சிரிக்கவைத்தால் முழங்கால் துவண்டுவிடுகிறது. மாத்திரையின் பக்கவிளைவா?

பதில்: மூச்சு நிற்காது. கனவு காணும் உறக்கத்தில் மூளை கைகால் தசைகளை அணைத்துவைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது கட்டிலிலிருந்து விழுவோம். மூச்சை இயக்கும் உதரவிதானத்தையும் கண்களையும் மட்டும் அது தொடுவதில்லை. பிரிட்டனின் ஹல் பல்கலைக்கழகத்தில் 1975இல் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், கனவுக்குள் இருந்த ஒருவர் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடம் வலமாக அசைத்ததைக் கருவியில் பதிவு செய்ததும் இந்த விதிவிலக்கால்தான். நெஞ்சை யாரோ அழுத்துவதாகத் தோன்றக் காரணம், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் தளர்ந்திருக்கும்போது நீங்கள் வேண்டுமென்றே ஆழ மூச்சிழுக்கப் பார்ப்பது. 'அமுக்குவான் பேய்' என்று சொல்வார்களே, அது இதுதான். நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிறது. போராடாமல் கால் கட்டைவிரலை அசைக்கப் பாருங்கள், விட்டுவிடும். அறையில் நிற்பவர் பாதி விழித்த மூளையின் கனவு. கனவில் மாட்டிக்கொண்டு திரும்பாமல் போனவர் யாருமில்லை.

இதற்கெல்லாம் பத்து வரி எழுதிய நீங்கள், முழங்காலுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான்.

சாதாரணமாக ஒருவர் தூங்கத் தொடங்கி ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழித்தே கனவுறக்கத்துக்குப் போவார். இந்தப் பயிற்சியில் தேர்ந்தவர்கள்கூட ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, மறுபடி படுத்துத்தான் முயல்கிறார்கள். படுத்த ஐந்தாவது நிமிடத்தில் கனவு வருவதை நீங்கள் உங்கள் திறமை என்று எண்ணியிருக்கிறீர்கள். தூக்கம் கெட்டவருக்கும் எப்போதாவது இப்படி நேரலாம். ஆனால் அதோடு பகலில் அடக்கமுடியாத தூக்கமும், சிரித்தால் துவளும் முழங்காலும் சேர்ந்தால் நார்கோலெப்சி என்ற உறக்க நோயாக இருக்குமோ என்று பார்த்தே தீரவேண்டும். விழிப்பை நிலையாகப் பிடித்துவைக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிந்துபோவதால் வருவது இது. கனவுக்குரிய தசைத்தளர்ச்சி விழித்திருக்கும்போதே எட்டிப்பார்க்கும். பெரும்பாலும் சிரிப்புதான் அதைத் தூண்டும். பயிற்சியால் வந்த நோயல்ல, மனநோயும் அல்ல.

என்னிடம் வந்த ஓர் ஆசிரியை, மாணவன் சொன்ன துணுக்குக்குச் சிரித்தபடியே கரும்பலகை ஓரம் சரிந்து உட்கார்ந்தார். தாடை தொங்கிவிட்டது, பேச்சு குழறியது. வகுப்பே கத்தியது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. பதில் சொல்லத்தான் முடியவில்லை. அரை நிமிடத்தில் எழுந்துவிட்டார். நினைவு தப்பாததை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளாததால், வலிப்பு என்று சொல்லி இரண்டு வருடம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். உங்களுக்கும் நினைவு தப்பாமல்தான் துவள்கிறதா? முழங்காலோடு கழுத்தும் தாடையும் தளர்கின்றனவா? கவனித்துச் சொல்லுங்கள்.

கேலன்டமைனை இன்றோடு நிறுத்துங்கள். அது அல்சைமர் நோயாளிகளுக்கான மருந்து. குமட்டலைத் தரும், இதயத்துடிப்பைக் குறைக்கும், மயங்கி விழவும் வைக்கும். 24 வயதில், இதயத்துடிப்பைக்கூடப் பார்க்காமல், முகம் தெரியாத ஒருவர் எழுதியதை நம்பி அதை விழுங்குவதை என்னவென்று சொல்வது? ஆனால் பழியை அதன்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது தரும் மயக்கம் சிரிப்பு வரும்வரை காத்திருக்காது.

நரம்பியல் மருத்துவரையோ உறக்க மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். கனவுக் கதையைப் பிறகு சொல்லலாம். முதலில் முழங்காலைச் சொல்லுங்கள். ஓர் இரவு முழுக்க உறக்கத்தைப் பதிவு செய்து, மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாக நான்கைந்து தடவை குட்டித் தூக்கம் போடச் சொல்லிப் பார்ப்பார்கள். நோய் உறுதியானால் பகல் தூக்கத்துக்கும் தசைத்தளர்ச்சிக்கும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. அதுவரை வண்டி ஓட்டவேண்டாம், தனியாக நீந்தவேண்டாம், கனவுப் பயிற்சியும் வேண்டாம். அடுத்த முறை கால் துவளும்போது பக்கத்திலிருக்கும் நண்பரைக் கைபேசியில் படம்பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியனுப்பிய பத்து வரிகளைவிட, அந்த அரை நிமிடப் படம் மருத்துவருக்கு அதிகம் உதவும்.