கடைத் தொலைபேசி இணையத்துக்கு மாறலாமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கும்பகோணத்தில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை நடத்தி வருகிறோம். கடையில் இரண்டு லேண்ட்லைன்கள் உள்ளன. கல்லா, கிடங்கு, மாடியில் பெயர் வெட்டும் இடம் ஆகிய மூன்றிலும் எக்ஸ்டென்ஷன் உண்டு. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் லைனில் ஒரே கரகரப்பு. இணையவழித் தொலைபேசிக்கு மாறிவிடலாம் என்கிறான் மகன். ஆனால், சென்ற மாதம் வாட்ஸ்அப் அழைப்பில் சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் கேட்டு எழுதியபோது குரல் விட்டுவிட்டு வந்ததால், ‘வசந்தா’வைச் ‘சாந்தா’ என்று வெட்டிவிட்டோம். நம்பி மாறலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மாறலாம். ஆனால், பழைய இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் விண்ணப்பத்தில் இப்போதே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 0435 என்று தொடங்கும் உங்கள் எண் கடைப் பலகையிலும் ரசீதுப் புத்தகத்திலும் மட்டுமா இருக்கிறது? நீங்கள் கொடுத்த மஞ்சள் பை தொங்கும் வீடுகளிலெல்லாம் இருக்கிறது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி கைபேசிகளுக்கு 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. தரைவழித் தொலைபேசிக்கு அது கிடையாது. ஆகவே, இப்போது இணைப்புத் தரும் அதே நிறுவனத்திடம், செம்புக் கம்பிக்குப் பதிலாக ஃபைபரில், அதாவது ஒளி செல்லும் கண்ணாடி இழையில், அதே எண்ணைத் தருவார்களா, இரண்டு எண்களும் ஒரே இணைப்பில் வருமா என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மின்சாரம். மாறிய பிறகு பலரும் வருத்தப்படுவது இதற்காகத்தான். தொலைபேசி நிலையத்தில் உள்ள பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அந்தச் செம்புக் கம்பி வழியாகவே வந்துகொண்டிருந்ததால், கடைத்தெரு முழுவதும் இருண்டு கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது. ஃபைபரில் வருவது ஒளி மட்டுமே. உங்கள் மோடத்துக்கான மின்சாரத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு மின்சாரமில்லாமல் நாள்களை எண்ணிய டெல்டாக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மோடத்துக்கு வேண்டியது பத்துப் பதினைந்து வாட் மட்டும். ஒரு மின்விசிறி இழுப்பதில் நான்கில் ஒரு பங்குகூட இராது. கடை இன்வெர்ட்டரிலிருந்து மோடத்துக்கென்று தனி பிளக் ஒன்று இழுத்துவிடுங்கள். கார்ட்லெஸ் தொலைபேசி வைத்திருந்தால் அதன் அடிப்பெட்டியையும் அதில் சேர்த்துவிடுங்கள். ஆனால், மரம் விழுந்து ஃபைபரே அறுந்துபோனால் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அந்த நேரத்துக்காகக் கல்லாவில் ஒரு கைபேசி இருக்கட்டும்.

இனி, சாந்தாவான வசந்தாவுக்கு வருவோம். இணையவழிப் பேச்சில் ஒரு நொடிக் குரல் பெரும்பாலும் 50 சிறு பொட்டலங்களாக நறுக்கி அனுப்பப்படுகிறது. அவற்றில் சில வராமல் போனாலோ முன்பின்னாக வந்து சேர்ந்தாலோ, காதில் விழுவது அரைகுறைச் சொல்தான். இதற்கு இணைப்பின் வேகம் குறைவு என்று சொல்லி 300 மெகாபிட் திட்டத்தை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஓர் அழைப்புக்குப் போக ஒன்று, வர ஒன்று என ஒவ்வொரு திசையிலும் சுமார் 100 கிலோபிட் போதும். நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசினாலும் ஒரு திசையில் அரை மெகாபிட்டைத் தாண்டாது. உங்கள் கடையில் நான் சந்தேகப்படுவது அண்டாக்களையும் குடங்களையும்தான். உலோகம் வை-ஃபை அலையைத் தடுக்கும், திருப்பியடிக்கும். எவர்சில்வரும் பித்தளையும் கூரைவரை அடுக்கிய கடையில் மாடிக்குச் சிக்னல் ஒழுங்காகப் போனால்தான் அது வியப்பு. எனவே, பேச்சை வை-ஃபையில் விடாமல் கம்பியிலேயே விடுங்கள். இதற்குப் புதுக் கம்பி இழுக்கவும் வேண்டாம்: மோடத்தில் தொலைபேசிக்கான துளை இருக்கும், அதிலிருந்து வரும் கம்பியை, உங்கள் எக்ஸ்டென்ஷன்களை இணைக்கும் பெட்டியில் பழைய லைன் நுழைந்த இடத்தில் செருகினால், கல்லா, கிடங்கு, மாடி மூன்றும் இருந்தபடியே ஒலிக்கும்.

இரண்டு லைன்களில் ஒன்றை மட்டும் முதலில் மாற்றி, ஒரு மழைக்காலமும் ஒரு முகூர்த்த மாதமும் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். பெயர் வெட்டுவதற்கு மட்டும், இணைப்பு எதுவானாலும், எழுத்தில் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: உரக்கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டு எண் ஒன்றை மலிவாகத் தரும் செயலி வழியாக வாடிக்கையாளர்களை அழைக்கலாம் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: வாங்க வேண்டாம். இணைய அழைப்பை நாட்டின் சாதாரணத் தொலைபேசிகளுடன் இணைப்பதற்கு 2018இல் உரிம விதிகளில் வழி செய்யப்பட்டது. ஆனால், அந்தச் சேவையை உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம்தான் தர முடியும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். திரையில் வெளிநாட்டு எண் தெரிந்தால், நடவு வேலையில் நிற்கும் எந்த விவசாயி அதை எடுப்பார்? மோசடி அழைப்பென்று நினைத்துத் துண்டித்துவிடுவார். உரிமம் உள்ள நிறுவனத்திடம் உள்ளூர் எண்ணாகவே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் அடகுக்கடையின் திருட்டு எச்சரிக்கைக் கருவி தொலைபேசிக் கம்பி வழியாக எண்ணைச் சுழற்றித் தகவல் சொல்லும் வகை. ஃபைபரில் அது வேலை செய்யுமா?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: அதை நம்பியிருக்க முடியாது. பழைய கருவிகள் அனுப்பும் ஒலிக்குறிப்புகள் இணையப் பொட்டலங்களாக நறுக்கப்படும்போது சிதையக்கூடும். ஃபேக்ஸுக்கும் இதே தொல்லை உண்டு. திருடன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் மோடமும் சேர்ந்து அணைந்துவிடும். சிம் கார்டும் சொந்த பேட்டரியும் உள்ள கருவியைப் பொருத்தி, அது ஒருமுறை ஒலிப்பதைக் கண்ணெதிரே பார்த்த பிறகு பழைய லைனைத் துண்டியுங்கள்.