‘பதுங்கு’ என்னும் வினையின் பொருள் என்ன? ‘பதுக்கு’ என்பது வேறு சொல்லா?

பிறர் கண்ணில் படாதபடி உடலைத் தாழ்த்தி ஒடுங்கியிருத்தலும், அவ்வாறே ஓசையின்றி நகர்தலும் பதுங்குதல் ஆகும். பெங்களூரு அல்சூரின் மொட்டைமாடிகளில், புறாவை நோக்கி வயிறு தரையில் உரச அடிமேல் அடி வைத்து நெருங்கும் பூனையைப் பார்த்தவர்களுக்கு இச்சொல் முழுமையாக விளங்கும். மறைவு, ஒடுக்கம், காத்திருப்பு ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே உள்ளன. ‘ஒளிதல்’ மறைவை மட்டுமே கட்டாயமாகக் குறிக்கிறது.

‘பதுக்கு’ இதன் பிறவினை. அடங்கு–அடக்கு, ஒதுங்கு–ஒதுக்கு, முடங்கு–முடக்கு என்பவற்றைப் போல, இடையிலுள்ள மெல்லின மெய் வல்லின மெய்யாக மாறும்போது, தானே செய்யும் செயல் வேறொன்றின்மீது செய்யும் செயலாகிறது. அதனால்தான் ஆள் பதுங்குகிறான், ஆனால் அரிசி மூட்டையைப் பதுக்குகிறான். குண்டுவீச்சுக்குத் தப்பத் தோண்டுவது ‘பதுங்குகுழி’ என்றும், விலையேற்றத்தை எதிர்பார்த்துச் சரக்கை மறைப்பது ‘பதுக்கல்’ என்றும் வழங்குகின்றன. இங்கே கன்னடச் சூழலில் வளரும் நம் பிள்ளைகள் ‘பூனை பதுக்குகிறது’ என்று எழுதினால், இந்த இணைகளைச் சொல்லிக்கொடுப்பதே நல்ல வழி என்பது என் கருத்து.

பதுங்குதல் என்றாலே அச்சம் என்று பலர் கொள்கின்றனர்; ‘புலி பதுங்குவது பாய்வதற்கே’ என்னும் பழமொழியில் அச்சத்துக்கு இடமில்லை என்பதால், எதற்காகப் பதுங்குகிறார் என்பதைத் தொடரைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.