அரலியா நாற்று அடியில் கறுத்துச் சாய்வது

கொழும்பு வெள்ளவத்தைப் பல்கனியில் விதைத்த அரலியா (ஈழத்தலரி, புளூமேரியா), வித்திலை (விதைக்குள்ளிருந்து முதலில் வரும் இலை) விரிந்ததும் மண்மட்டத்தில் கறுத்துச் சாய்கிறது என்கிறீர்கள். இது நாற்றழுகல். வடியாத ஈரத்தில் பூஞ்சணம் தண்டைத் தின்கிறது. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, மண்ணோடு எறியுங்கள். மிச்சத்தைத் துளையிட்ட கோப்பைகளுக்குத் தனித்தனியாக மாற்றுங்கள்: தும்புத்தூள் பாதி, கழுவிய ஆற்றுமணல் பாதி. கொழும்புக் காற்றின் ஈரத்துக்குத் தும்புத்தூள் மட்டும் ஆகவே ஆகாது. மேலே ஒரு சென்ரிமீற்றர் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் காலையில். சாரல் படக்கூடாது.

அடுத்தமுறை விதையின் தடித்த முனை கீழே, சிறகு சற்று வெளியே தெரியட்டும். பெரும்பாலும் 2 வாரத்துக்குள் முளைக்கும். கோப்பையில் திகதி எழுதி, 2 வாரத்துக்கொருமுறை உயரம், இலை எண்ணிக்கை குறியுங்கள். வித்திலைக்குப் பின் வரும் உண்மை இலைகள் வந்தபின் வித்திலை மஞ்சளாகி உதிர்ந்தால் பயமில்லை; குருத்து வளராமல் நின்றுவிட்டால்தான் வேரைப் பாருங்கள். தாய்மரத்தின் நிறமே வருமென்று மட்டும் நம்பவேண்டாம்.