என்-நெசிரியின் தாவல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக மொராக்கோவின் யூசுப் என்-நெசிரி தலையால் முட்டிய கோலைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 2.78 மீட்டர் உயரம் எழும்பினாராம். உயரமான ஆள், நன்றாகக் குதிக்கிறார். அவ்வளவுதானே அவர்? இல்லையென்றால் சில பருவங்களில் ஏன் காணாமலே போகிறார்?

ம.

அன்புள்ள ம.,

அவ்வளவுதான் என்று என்னால் விட முடியவில்லை. கோல் கம்பத்தின் மேல்சட்டம் 2.44 மீட்டர். நீங்கள் சொல்லும் கணக்குப்படி அவர் தலை அதற்கும் ஏறக்குறைய ஒன்றரைச் சாண் மேலே போயிருக்கிறது. ஆனால் கோல்கீப்பருக்குக் கை உண்டு. ஓடிவந்து எம்பினால் போர்ச்சுகல் கோல்கீப்பர் டியோகோ கோஸ்டாவின் கை மூன்று மீட்டரைத் தொடும். உயரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தப் பந்து கோஸ்டாவுடையது. அவர் பிந்திவிட்டார். கோட்டை விட்டு வெளியே வந்தபிறகு பந்து கைக்கு எட்டாவிட்டால் பின்னால் வலை காலியாகத்தான் இருக்கும்.

இத்தகைய தாவலில் கால் தரையை விட்டபின் உச்சிக்குப் போக ஏறக்குறைய 0.4 விநாடி ஆகும். ஆகவே பந்து தலைக்கு வருவதற்கு 0.4 விநாடி முன்பே எம்பியாக வேண்டும். இடப்பக்கத்திலிருந்து சக ஆட்டக்காரர் அத்தியத்-அல்லா அனுப்பிய பந்து எங்கே இறங்கும் என்று அதற்கும் முன்னாலேயே கணித்து ஓட வேண்டும். நின்ற இடத்தில் குதித்தால் இவ்வளவு உயரம் வராது. ஓட்டத்தில் கடைசிக்கு முந்தைய அடியை நீளமாக வைத்து இடுப்பைத் தாழ்த்தி, கடைசி அடியைக் குறுக்கி, கைகளை மேலே வீசும்போதுதான் முன்னால் ஓடும் வேகம் மேலே திரும்புகிறது. கடைசி அடி நீண்டுவிட்டால் உடல் பந்துக்கு அடியில் புகுந்துவிடும். பந்து உச்சந்தலையில் பட்டுச் சட்டத்துக்கு மேலே போகும். தலையால் முட்டித் தவறும் வாய்ப்புகளில் பல இப்படித்தான் வீணாகின்றன. 2018 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக, சக ஆட்டக்காரர் ஃபைசல் ஃபஜ்ர் அடித்த கார்னரை என்-நெசிரி தலையால் முட்டிக் கோலாக்கியதிலும் அந்தச் சரியான கணிப்பைப் பார்க்கலாம்.

என்-நெசிரி 1997இல் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் பிறந்தவர். சலேயில் உள்ள ஆறாம் முகமது கால்பந்து அகாதெமியில் வளர்ந்து ஸ்பெயின் கிளப்களான மலாகா, லெகானெஸ் வழியாக 2020 ஜனவரியில் இன்னொரு ஸ்பெயின் கிளப்பான செவியாவில் சேர்ந்தார்.

காணாமல் போவது பற்றிய கேள்வி நியாயமானது. 2020-21இல் ஸ்பெயினின் முதல்நிலைத் தொடரான லா லிகாவில் 18 கோல். அடுத்த பருவம், தொடைத் தசைக் காயமும் சேர்ந்துகொள்ள, வெறும் 5. கோலுக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்கி நிறுத்துவது அவருக்கு இன்றுவரை பலவீனம்தான்; முதல் தொடுதலிலேயே பந்து விலகிப் போகிறது. செவியாவில் அவருடன் ஆடிய ஹெசூஸ் நவாஸ் போன்ற ஒருவர் ஓரத்திலிருந்து பந்து அனுப்பிக்கொண்டே இருந்தால் அவருக்கு அந்தத் தொடுதலே தேவைப்படாது. அந்த வரத்து நின்றால் கோலும் நிற்கும்.

ஆனால் துரத்துவதை அவர் நிறுத்துவதில்லை. 2023 யூரோப்பா லீக் காலிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டை செவியா 3-0 என வென்ற ஆட்டத்தில் அவர் போட்ட இரண்டு கோலையும் பாருங்கள். ஒன்றுகூடத் தலையால் முட்டியதல்ல. இரண்டும் எதிரணி பின்வரிசையில் பந்தைத் தவறவிட்டபோது கிடைத்தவை.