விர்ச்சுவல் பின்பால் மேசையின் வெளிச்சத்தை அறைக்கு ஏற்ப ஏன் மாற்ற வேண்டும்?

பின்பால் என்பது சாய்ந்த மேசையில் உருளும் பந்தைத் தட்டித் தட்டிப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு; அதையே கணினித் திரையில் ஆடுவது விர்ச்சுவல் பின்பால். நிஜ பின்பால் மேசையில் இரண்டு வெளிச்சங்கள் கலந்திருக்கும்: அதன் சொந்த பல்புகள், அப்புறம் அறை விளக்கு. திரையில் ஓடும் மேசைக்கு நம் அறை எப்படியிருக்கிறது என்று தெரியாது. அந்த இரண்டாவது வெளிச்சத்தை நாம்தான் சொல்ல வேண்டும். விஷுவல் பின்பால் எக்ஸ் மென்பொருளில் இதற்கென்றே 'பகல்-இரவு' ஸ்லைடர் உண்டு.

இருட்டறையில் அதைப் பகல் பக்கம் வைத்தால் மேசை முழுக்க டிவி மாதிரி பளீரென்று இருக்கும். பந்தை உதைத்துத் தள்ளும் பம்பர்களின் விளக்கு மின்னுவதே தெரியாது. திருவிழா சீரியல் பல்பை மத்தியானத்தில் போட்டால் யார் கண்ணில் படும்? வெளிச்சமான அறையில் இரவு பக்கம் வைத்தாலோ பந்தைவிட, திரைக் கண்ணாடியில் உங்கள் முகம்தான் நன்றாகத் தெரியும்.

மானிட்டர் பிரைட்னஸைக் குறைத்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பல்புகளையும் சேர்த்து மங்கவைத்துவிடும், இந்த ஸ்லைடரோ மேசைமேல் விழும் அறை வெளிச்சத்தை மட்டும் குறைக்கிறது.