ஏஜென்ட் தப்பான கருவியைக் கூப்பிடுகிறது, பெரிய மாடலுக்கு மாறலாமா?

மாறாதீர்கள். ஏஜென்ட் என்றால், ஏஐ மாடல் ஒன்று தானே முடிவெடுத்து வேலை பார்க்கும் நிரல். கருவி என்றால், அந்த மாடல் கூப்பிட நாம் எழுதி வைக்கும் சிறு நிரல். "மூன்று கருவிதான் கொடுத்தேன், அதிலேயே குழம்புகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றுக்கும் ஒவ்வொரு வரிதான் விளக்கம் எழுதியிருப்பீர்கள், அதுவும் கோட் எழுதி முடித்த களைப்பில். நீங்கள் எழுதிய கோட் மாடலுக்குத் தெரியாது. கருவியின் பெயர், விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதன் கண்ணில் படும்.

நான் திருகோணமலை. நிலாவெளியிலிருந்து புறாத் தீவுக்குப் படகு விடும் ஒருவருக்கு, வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் ஏஜென்ட் ஒன்றைத் திருத்திக் கொடுத்தேன். முதலில் அதைச் செய்தவர் கொழும்பு ஆள், பேர் வேண்டாம். டிக்கெட் கருவிக்கு அவர் எழுதியிருந்த விளக்கம்: "விலையைத் தரும்." கொடுக்க வேண்டிய விவரம் 'வகை', 1 அல்லது 2. எது 1, எது 2 என்று எங்கும் இல்லை.

புறாத் தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அனுமதிச் சீட்டு நம் ஆட்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. கனடாவிலிருந்து லீவுக்கு வந்த குடும்பம் ஒன்று, "தம்பி, நாளைக்கு ஆறு பேர் வாறம், எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறது. தமிழில் கேட்கிறார்கள், உள்ளூர்தானே என்று ஏஜென்ட் உள்ளூர் விலையைச் சொல்லிவிட்டது. மறுநாள் சீட்டு எடுக்கும் இடத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டியதும் ஒரே சண்டை. படகோட்டிதான் ஏச்சு வாங்கினார்.

"இதுக்கு மூளை இல்லை" என்றார் முதலாளி. அந்த ஒற்றை வரியை மட்டும் கொடுத்து உட்கார வைத்தால், புதிதாக வேலைக்கு வந்த பொடியனும் அதையேதான் செய்திருப்பான்.

மாடலை நான் தொடவில்லை. 'வகை'யை 'வருபவர்_நிலை' என்று மாற்றி, எண்களுக்குப் பதில் 'உள்நாட்டவர்', 'வெளிநாட்டவர்' என்று இரண்டே மதிப்பு வைத்தேன். விளக்கம் இப்படி ஆனது: "புறாத் தீவு அனுமதிச் சீட்டின் விலையை மட்டும் தரும். படகுக் கூலி இதில் இல்லை, அதற்குப் படகுக்_கூலி கருவி. இலங்கை அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்ட பிறகே கூப்பிடு. மொழியை வைத்தோ பெயரை வைத்தோ ஊகிக்காதே. எதையும் பதிவு செய்யாது."

அந்தக் கடைசி வரி சும்மா இல்லை. 'இடம்_பார்' என்று இன்னொரு கருவி இருந்தது. பார்ப்பதோடு நிற்காமல் இடத்தைப் பிடித்தும் வைத்தது, விளக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. விசாரித்தவருக்கெல்லாம் இடம் போய், படகு பாதி காலியாக ஓடியது. திகதியும் அப்படித்தான். சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில், நாம் ஐந்தரை மணி முன்னால். விடியற்காலை ஐந்து மணிக்கு "இன்றைக்குப் படகு இருக்கா" என்றால் அது நேற்றைய நாளைத் தேடியது. இதை விளக்கத்தில் எழுதிச் சரிக்கட்ட முடியாது, கருவியே இலங்கை நேரத்தை எடுக்கும்படி மாற்றினேன்.

விளக்கம் நீண்டால் ஒவ்வொரு முறையும் டோக்கன் (மாடல் படிக்கும் சொல்துண்டு, அதை எண்ணித்தான் காசு) ஏறுமே என்று யாராவது வருவீர்கள். ஏறும்தான். தமிழுக்கு இன்னும் கூடுதலாக ஏறும், அதனால் அந்த ஏஜென்டில் பெயர், விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. இங்கே உங்களுக்காகத் தமிழில் சொன்னேன். தமிழ்ப்பற்று வகுப்பு எடுக்க வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கொடுப்பது போன்ற வேலையை விளக்கத்தை நம்பி விடவும் நான் சொல்லவில்லை. அதைக் கோட் மட்டத்திலேயே பூட்டி, ஒரு மனிதர் சரி சொன்ன பிறகுதான் நடக்க விட வேண்டும்.

இவ்வளவும் செய்து பில்லை நீட்டினால், "நாலு வரி எழுதினதுக்கு இவ்வளவா?" என்கிறார் முதலாளி. முன்னவருக்குப் பேரம் பேசாமல் கொடுத்த அதே மனுஷன். ஊரில் இருந்து செய்தால் பொடியன், இரவு ரயிலில் கொழும்பு போய் அதையே செய்தால் கன்சல்டன்ட். போகிற போக்கில், "தம்பி, சும்மாதானே இருக்கிறீர், இந்த பிரின்டரையும் ஒருக்காப் பாரும்" என்று வேறு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லாகை, அதாவது ஏஜென்ட் செய்ததெல்லாம் பதிவாகும் கோப்பைத் திறந்து, எந்தக் கேள்விக்கு எந்தக் கருவியைத் தப்பாகக் கூப்பிட்டது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே இரண்டு கருவிகள்தான் மாறி மாறி வரும். அந்த இரண்டு விளக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எதை எப்போது கூப்பிடுவது என்று உங்களுக்கே பிடிபடவில்லை என்றால், இரண்டையும் ஒரே கருவியாக்கி விடுங்கள்.