கம்பளம் இருக்கட்டும், அந்த மூன்று மணி இருமலைப் பார்ப்போம்

கேள்வி: கட்டாரில் இருக்கும் என் கணவர் மே மாதம் ஒரு பெரிய கம்பளம் அனுப்பினார். நானும் ஒன்பது வயது மகளும் படுக்கும் அறையில் அதை விரித்திருக்கிறோம். மழை தொடங்கியதிலிருந்து அவளுக்குத் தும்மல், மூக்கடைப்பு, இருமல். கம்பள நூல் நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும் என்று இணையத்தில் ஒரு காணொளி பார்த்தேன். உண்மையா? எந்தப் பவுடர் தூவிச் சுத்தம் செய்யலாம்? இரவு மூன்று மணிக்கு எழும்பி உட்கார்ந்து இருமுவாள். பாமசியில் வாங்கும் சிறிய வெள்ளை மாத்திரையைக் கொடுத்தால் இரண்டு நாளில் குறையும். மூன்று முறை கொடுத்துவிட்டேன். என் அம்மா முட்டு வருத்தத்தில் (ஆஸ்துமாவில்) இறந்தவர்.
வாசகி, உப்புவெளி

பதில்: மகளை இந்த வாரமே ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். கம்பளம் எங்கும் ஓடிவிடாது.

பவுடரையும் காணொளியையும் கேள்வியாகக் கேட்ட நீங்கள், இரவு மூன்று மணி இருமலை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அந்த வரிதான் பெரிது. தடிமன் பிடித்த பிள்ளை பகலில் இருமுவது வழமை. நல்ல தூக்கத்திலிருந்து விடியப்புறத்தில் எழும்பி, படுக்க முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து இருமுவது வேறு. அதுவும் அம்மம்மாவுக்கு முட்டு இருந்த பிள்ளை என்றால், வைத்தியர் முதலில் நினைப்பது முட்டு வருத்தத்தைத்தான். விடியப்புறத்தில் எல்லோருக்குமே மூச்சுக்குழாய்கள் சற்றுச் சுருங்கும். நமக்கு அது தெரிவதில்லை. ஒவ்வாமையால் ஏற்கெனவே உள்ளே வீங்கியிருக்கும் குழாய்க்கு அந்தச் சிறிய சுருக்கமே போதும்.

இன்றிரவு எழும்பினால் அவளுடைய முதுகில் காதை வைத்துக் கேளுங்கள். மூச்சை வெளியே விடும்போது சீழ்க்கை போன்ற மெல்லிய சத்தம் கேட்கிறதா? கேட்காவிட்டாலும் முட்டு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இருமல் மட்டுமாகவே வெளிப்படும் முட்டும் உண்டு. ஓடி விளையாடிய பின்னும் விழுந்து விழுந்து சிரித்த பின்னும் இருமுகிறாளா என்பதையும், கிழமையில் எத்தனை இரவு எழும்புகிறாள் என்பதையும் குறித்து வையுங்கள். வைத்தியருக்கு அந்தக் கணக்கு மிகவும் உதவும்.

கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவிலோ தொண்டைக் குழியிலோ தோல் உள்ளே போவது, ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாமல் திணறுவது, உதடு நீலம் பாரிப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது கிடைக்கிற முச்சக்கர வண்டியில் ஏற்றிப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இழுப்புச் சத்தம் திடீரென்று அடங்கி, பிள்ளையும் சோர்ந்துபோனால் அது சுகமான அறிகுறி அல்ல. உள்ளே காற்றே போகவில்லை என்று பொருள்.

அடுத்தது அந்த வெள்ளை மாத்திரை. பெயர் தெரியாத மாத்திரையை, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு, மூன்று முறை! எனக்குக் கோபம் வருவதை மறைக்கப் போவதில்லை. இரண்டு நாளில் இருமலை அடக்குகிற சிறிய வெள்ளை மாத்திரை பெரும்பாலும் பிரெட்னிசோலோனாகத்தான் இருக்கும். அது ஸ்டீரோயிட். கடும் முட்டில் உயிர் காக்கும் மருந்துதான், ஆனால் வைத்தியர் அளவும் நாளும் சொல்லிக் கொடுக்க வேண்டியது. அடிக்கடி கொடுத்தால் வளர்ச்சி குறையும், எலும்பு பலவீனமாகும், உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீரோயிட்டும் குறைந்துபோகும். இதைவிட எனக்குப் பெரிய கவலை, அது மூன்று முறையும் வருத்தத்தை மூடி மறைத்துவிட்டது என்பது. இனி நீங்களாக வாங்காதீர்கள். இப்போது நாட்கணக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், நாளைக்கே வைத்தியரிடம் போங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடிதம் முழுவதும் அந்தப் பயம் தெரிகிறது. மகளுக்கும் அதே முடிவுதானா என்று கேட்கிறீர்கள். இல்லை. முட்டு வரும் தன்மை குடும்பத்தில் இறங்கலாம், சாவு இறங்குவதில்லை. குழாயின் வீக்கத்தை வற்றவைத்து வருத்தத்தைத் தடுக்கும் இன்ஹேலர் இன்று அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருப்பதும் ஸ்டீரோயிட்தான், ஆனால் மைக்ரோகிராம் அளவில், நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. ‘பம்’ (இன்ஹேலர்) அடித்தால் பிள்ளை அதற்கே பழகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். கேட்காதீர்கள். இழுப்பை உடனே தணிக்கும் நீல நிற பம்மை மட்டும் அடித்து, தடுக்கும் பம்மைக் கைவிட்டவர்களைத்தான் நள்ளிரவில் வாட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

இனிக் கம்பளத்துக்கு வருகிறேன். நூல் நுரையீரலில் ஒட்டாது. ஆழ்நுரையீரல்வரை போக வேண்டுமானால் ஒரு துகள் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். கம்பள இழை அதைவிடப் பல மடங்கு தடிப்பு, மூக்கிலேயே நின்றுவிடும். அந்தக் காணொளியை மறந்துவிடுங்கள்.

பிரச்சினை நூலில் இல்லை, நூலுக்குள் குடியிருக்கும் தூசு உண்ணியில். கால் மில்லிமீற்றர் நீளம், கண்ணுக்குத் தெரியாது, கடிக்கவும் கடிக்காது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று வாழ்கிறது. அதன் எச்சம்தான் மூக்கையும் மூச்சுக்குழாயையும் சீண்டுகிறது. தண்ணீர் குடிக்காமல் காற்றின் ஈரத்தையே உறிஞ்சிப் பிழைப்பதால், காற்று நீண்ட நாட்கள் காய்ந்திருந்தால் செத்துப்போகும். கம்பளம் மே மாதம் வந்தது. வறண்ட கச்சான் காற்று வீசிய மாதங்களில் பிள்ளை சுகமாக இருந்தாள். ஒக்டோபரில் மழை இறங்கி வீடெல்லாம் ஈரமான பிறகுதான் இருமல் தொடங்கியது. உண்ணிக்குக் கொண்டாட்டம் நம்முடைய மாரிதான்.

அப்படியானால் கம்பளத்தை விட மோசமான இடம் எது தெரியுமா? தலையணை. இரவில் ஒன்பது மணி நேரம் மூக்கைப் புதைத்துக் கிடப்பது அதில்தானே. பழைய இலவம்பஞ்சுத் தலையணையாக இருந்தால் மாற்றுங்கள். தலையணைக்கும் மெத்தைக்கும் நெருக்கமான நெசவுள்ள, முழுவதும் மூடும் சிப் உறை போடுங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் கிழமைக்கு ஒருமுறை 60 பாகை சூட்டு நீரில் துவையுங்கள். கன்னியா வெந்நீரூற்றின் சூடு இதற்குப் போதாது, கை வைக்க முடியாத சூடு வேண்டும். நுளம்பு வலையும் தூசு சேரும் இடம், அதைத் துவைக்க மறந்துவிடாதீர்கள். பஞ்சுப் பொம்மையை ஒரு நாள் டீப் பிரீசரில் வைத்தால் உண்ணி செத்துவிடும், பிறகு துவைத்து எச்சத்தைப் போக்குங்கள்.

கம்பளத்தை எறிய வேண்டாம். அவர் அனுப்பியது. படுக்கையறையிலிருந்து எடுத்துவிடுங்கள், வெறும் சீமெந்துத் தரையை ஈரத்துணியால் துடைப்பது மிகச் சுலபம். தும்புத்தடியால் காய்ந்த தரையைக் கூட்டினால் தூசு எழும்பும். கச்சான் காலத்தில் கம்பளத்தை ஹோலில் விரித்து வைத்திருங்கள். மாதம் இரண்டு முறை முற்றத்துக் கொடியில் தலைகீழாகப் போட்டு, உச்சி வெயிலில் நான்கைந்து மணி நேரம் காயவிடுங்கள். பிறகு பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு தட்டுங்கள். வெயில் உண்ணியைக் கொல்லும், எச்சத்தைத் தட்டித்தான் போக்க வேண்டும். மழை தொடங்குமுன் நன்றாகக் காயவைத்துச் சுருட்டி, பொலித்தீனில் கட்டி உயரத்தில் வைத்துவிடுங்கள். மாரியில் ஷாம்பூ போட்டு ஈரமாகக் கழுவுவது உண்ணிக்கும் பூஞ்சைக்கும் விருந்து வைப்பது போல. வெள்ளம் புகுந்து இரண்டு நாளுக்கு மேல் ஊறிய கம்பளத்தை மட்டும் தயங்காமல் எறியுங்கள்.

பவுடர் எதுவும் வேண்டாம். அப்பச்சோடா மணத்தை எடுக்கும், உண்ணியைக் கொல்லாது. வாசனைப் பவுடர் மூச்சுக்குழாயை இன்னும் எரிச்சலூட்டும். நுளம்புச் சுருளும் சாம்பிராணிப் புகையும் அவள் படுக்கும் அறைக்குள் வரவே கூடாது.

வைத்தியரிடம் போகும்போது மாத்திரை சுற்றித் தந்த கடதாசி உறையை மறக்காமல் கொண்டுபோங்கள். மூன்று முறையும் எந்தத் திகதியில், எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்று அதன் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர் திட்டுவார் என்று பயந்து ஒன்றைக்கூடக் குறைத்து எழுத வேண்டாம்.